சௌந்தரவல்லியின் இரண்டாம் தாள்

சௌந்தரவல்லிக்கு அந்த வேலை கிடைக்காமல் போனதற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தால் நான் பாதியில் நழுவிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

என் பெயர் கிருபாபாய். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். யார் எத்தனை மணிக்கு ஷிப்டுக்கு வந்தார்கள், யார் பாதியில் கம்பி நீட்டினார்கள் என்று குறிப்பது என் வேலை. பக்கத்து மேஜை வல்லியுடையது. அவள் சம்பளப் பட்டியல் அடிக்கிறவள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்சில் வருவாள். அவள் வீட்டுக்காரர் நம்பி, ஆண்டாள் கோயிலில் தரிசனச் சீட்டு கொடுக்கிறவர். ஒரே மகள் கமலினி கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். வல்லிக்கும் எனக்கும் ஒரே வயது, நாற்பத்திரண்டு. இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள்.

எங்கள் மில்லில் கம்ப்யூட்டராகப் பிறப்பது பெரிய பாவம். எத்தனை கதவைச் சாத்தினாலும் பஞ்சுத் தூசி உள்ளே வந்துவிடும். தலைமுடியில், டீ தம்ளரில், மூக்கில் எல்லாம் வருகிற தூசி கம்ப்யூட்டருக்குள் மட்டும் வராமல் இருக்குமா. மாதத்துக்கு ஒன்றிரண்டு நின்றுபோகும். மில்லில் சொந்தமாக டெக்னீசியன் கிடையாது. மதுரையிலிருந்து ஒப்பந்தக்காரர் ஒருவர் வருவார். ஒவ்வொரு பெட்டியின் பின்புறமும் அவர் சீல் ஒட்டிவைத்திருந்தார். சீல் கிழிந்தால் அவர் பொறுப்பில்லை. அதனால் அவரைத் தவிர யாரும் பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம்.

திறக்காமலே என்ன கோளாறு என்று வல்லி சொல்லிவிடுவாள். அதுதான் அவளுடைய வித்தை. முதலில் கேள்வி கேட்பாள். டெஸ்பாட்ச் கிளார்க்கின் கம்ப்யூட்டர் தினமும் மூன்று மணிக்குத் தானாக அணைந்து மீண்டும் உயிர் பெற்றுக்கொண்டிருந்தது. ஒப்பந்தக்காரர் இரண்டு முறை வந்து என்னென்னவோ மாற்றிவிட்டுப் போனார். வல்லி போய், மூன்று மணிக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டாள். அவர் கம்ப்யூட்டர் செருகியிருந்த அதே பலகையில் டீத் தண்ணீர் கொதிக்கவைக்கிற கம்பியைச் செருகுகிறவர். விஷயம் அவ்வளவுதான். மற்ற நேரங்களில் பெட்டியில் காது வைத்துக் கேட்பாள். பிறகு ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டு, பவர் சப்ளை போயிருக்கிறது, வரும்போதே கொண்டுவந்துவிடுங்கள் என்பாள். அவர் கொண்டுவந்து மாட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, கெட்டிக்காரன் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு அதெல்லாம் உறைக்காது. அவர் பெட்டியைத் திறக்கும்போது வல்லி சம்பளப் பட்டியலை அப்படியே போட்டுவிட்டுப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பாள். அவர் பத்து நிமிஷத்தில் மூடிவிடுவார். திரும்பி வந்த பிறகு அவளுக்குச் செத்த நேரம் வேலை ஓடாது.

இது புதிதாக வந்த ஆசை இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ஹார்டுவேர் வகுப்புக்குப் போயிருக்கிறாள். பதினான்கு பையன்கள், இவள் ஒருத்தி. ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரைத்தான் பிரித்துப் பிரித்துப் பூட்டுவார்கள். வாத்தியார் ஸ்க்ரூடிரைவரைப் பையன்களிடம் கொடுத்துவிட்டு, உன் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது, நீ எல்லாருக்குமாக நோட்ஸ் எழுது என்று சொல்லிவிட்டார். ஆறு மாதம் எழுதினாள். பையன்கள் அதை ஜெராக்ஸ் எடுத்துப் படித்தார்கள். சான்றிதழ் தருவதற்குள் வாத்தியார் கடையைக் கட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார். ஆக, தன் கையால் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல், உள்ளே இருப்பது அத்தனையையும் படம் வரைந்து வைத்திருக்கிற ஒரே ஆள் இந்தத் தாலுகாவில் இவளாகத்தான் இருப்பாள்.

போன வருஷம் ஆனி மாதம் மில்லில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி ஒப்பந்தக்காரர் வேண்டாம், சொந்தமாக ஒரு டெக்னீசியன் வைத்துக்கொள்ளப் போகிறோம், வெளிநாட்டுக் கம்பெனி நடத்துகிற அடிப்படைச் சான்றிதழ்ப் பரீட்சையில் டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் தேறுகிறவர் நம் ஊழியராக இருந்தால் அவருக்கே வேலை, இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் எடுப்போம் என்று எழுதியிருந்தார்கள். மேனேஜர் பாண்டிதுரை அதைப் பலகையில் ஒட்டியபோது சிரித்துக்கொண்டே ஒட்டினார். யார் எழுதப் போகிறார்கள் என்ற சிரிப்பு. வல்லி எழுந்துபோய் அதை மூன்று முறை படித்தாள். வந்து உட்கார்ந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

இரண்டு தாள்கள். எல்லாம் ஆங்கிலம். அவள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். மகள் தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்தாள். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் இறங்கும்வரை காதில் பாடம் ஓடும். வாய் கம்ப்யூட்டருக்குள் தகவல் வந்துபோகிற வாசல்களின் எண்களை முணுமுணுக்கும், இருபத்திரண்டு இதற்கு, ஐம்பத்து மூன்று அதற்கு, நானூற்று நாற்பத்து மூன்று இன்னொன்றுக்கு என்று. ஒருநாள் மொட்டமலை தாண்டும்போது பக்கத்து சீட்டு அம்மாள், எந்தப் பெருமாளுக்கு உரிய சுலோகம் தாயி, எனக்கும் சொல்லிக்கொடேன் என்று கேட்டுவிட்டாளாம். வல்லி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த மூன்று மாதம் அவள் முகத்தில் இருந்த களையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்யாண ஆல்பத்தில்கூட இல்லை.

முதல் தாளை ஆவணியில் மதுரைக்குப் போய் எழுதினாள். எங்களிடம் பல் பிடுங்கப் போகிறேன் என்று லீவு சொன்னாள். தேறிய பிறகுதான் என் காதில் போட்டாள். எனக்குக் கோபம் வந்தது, சந்தோஷமும் வந்தது, லாலா கடையில் அல்வா வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் தாள் எப்போது என்று கேட்டேன். பார்க்கலாம் என்று மழுப்பினாள்.

இனி என் பங்கு.

வல்லி வீட்டில் நவராத்திரிக்குக் கொலு வைப்பார்கள். சரஸ்வதி பூஜைக்கு மில் லீவு. முந்தின நாளே மிஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கொடுத்துவிடுவார்கள். லீவு நாளில் நான் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். பத்து வருஷமாக ஒரு வருஷமும் தவறியதில்லை. எங்கள் சர்ச் சபையில் இரண்டு பேர் முகத்தைச் சுளிப்பார்கள். சுண்டலுக்கு மதம் கிடையாது என்பது என் கட்சி.

அந்த நாளில்தான் அவள் இரண்டாம் தாளுக்குப் பதிவு செய்திருந்தாள். இவ்வளவு சீக்கிரம் மறுபடி லீவு கேட்டால் பாண்டிதுரை கொடுக்க மாட்டார். மதுரைப் பரீட்சை மையத்துக்கும் அன்று விடுமுறை. ஆனால் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் எழுத ஒரு வழி இருந்தது. எங்கோ ஒரு தேசத்தில் உட்கார்ந்து ஒரு கண்காணிப்பாளர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. பேசக் கூடாது. மேஜையில் ஒரு காகிதத் துண்டுகூடக் கூடாது. பூஜையில் வைத்த புத்தகத்தையும் கருவியையும் அன்று தொடக் கூடாது என்பது வீட்டு வழக்கம். நம்பி அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறார். புத்தகத்தைத் தொடமாட்டேன், லேப்டாப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று இவள் சமாதானம் சொல்லியிருக்கிறாள். அவரும் கோயிலுக்குப் போய்விட்டார். எடுத்த லேப்டாப்பில் ஒரு வேடிக்கை. திரைக்கு மேலே நட்டநடுவில் பார்த்து, சரியாகக் கேமராவின் மேலேயே சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். உங்கள் முகம் தெரியவில்லை, லென்சைத் துடையுங்கள் என்று அங்கிருந்து எழுத்தில் செய்தி வந்ததாம். அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு துடைத்தாள் என்று கமலினி பிறகு சொன்னாள்.

பூஜை லீவுக்கு வந்திருந்த கமலினி வாசற்படியில் காவல். கொலு பார்க்க வந்த அத்தனை பேரையும், அம்மா வெளியே போயிருக்கிறாள், சாயங்காலம் வாருங்கள் என்று திருப்பிவிட்டிருக்கிறாள். ஆனால் கோயில் கூட்டத்தால் தெருவில் நுழைய முடியாமல் நான் பின்சந்து வழியாகப் போனேன். கொல்லைக் கதவுக்கு அந்த வீட்டில் பகலில் தாழ்ப்பாள் போடுகிற வழக்கமே இல்லை. நான் என்ன விருந்தாளியா, கதவைத் தட்டிக்கொண்டு நிற்க. அடுப்படியில் எட்டிப் பார்த்தேன், சுண்டல் தாளித்து மூடியிருந்தது. உள்ளறைக்குக் கதவு கிடையாது, திரைச்சீலைதான். விலக்கிக்கொண்டு போனேன்.

முதுகை நிமிர்த்தி, லேப்டாப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "ஏட்டி வல்லி, நல்ல நாளும் அதுவுமா இதுக்கு முன்னால என்ன பண்ணுத?" என்று அவள் தோளில் கையைப் போட்டு, என் முகத்தை அவள் முகத்தோடு ஒட்டவைத்துத் திரையைப் பார்த்துச் சிரித்தேன். கமலினியின் தோழி யாரோ வீடியோவில் வந்திருக்கிறாள் என்று நினைப்பு.

வல்லி திரும்பவில்லை. அசையவும் இல்லை. திரையில் கேள்வி மறைந்தது. வெள்ளைக் கட்டத்தில் நாலைந்து வரி ஆங்கிலம் வந்தது. நான் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். அவள் ஒரு பார்வையில் படித்துவிட்டாள். லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

"வா கிருபா, உக்காரு. சுண்டல் எடுத்தாரேன்" என்றாள்.

நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டேன். அவள் எதிரே உட்கார்ந்து என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சுச் சத்தம் கேட்டு உள்ளே வந்த கமலினி என்னைப் பார்த்தாள், மூடியிருந்த லேப்டாப்பைப் பார்த்தாள், சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. என்னைக் கண்டபடி திட்டியிருந்தால் ஆறியிருக்கும். வல்லி மகளைத்தான் அதட்டினாள், நல்ல நாளில் என்ன அழுகை என்று.

அந்தத் தாள் ரத்து. விசாரணை முடியும்வரை மறுபடி பதிவு செய்ய முடியாது என்று கடிதம் வந்தது. விசாரணை முடியக் கார்த்திகை பாதியாகிவிட்டது. அதற்குப் பிறகு மதுரையில் கிடைத்த முதல் நாள் ஜனவரி ஒன்பது. நான் பாண்டிதுரையிடம் போய் நின்றேன். சார், தப்பு என்னுடையது, அவள் எழுதிக்கொண்டிருந்தாள், நான்தான் போய்க் கெடுத்தேன், பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "வந்தது யாருன்னு மில்லுக்கு எதுக்கும்மா? தேதின்னா தேதிதான். அடுத்தவங்க வர்ற நேரத்தைக் குறிக்கிற ஆளுக்கு இதை நான் சொல்லணுமா?" என்றார். ஒரு நிமிஷம் தாமதமாக வந்தவனுக்குக்கூட நான் சலுகை காட்டியதில்லை.

அன்று சாயங்காலம் பஸ்சுக்கு நிற்கும்போது வல்லியிடம் கேட்டேவிட்டேன். ஊருக்கெல்லாம் மறைத்தது சரி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருப்பேனா என்றேன். அவள் பஸ் வருகிற திசையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தோத்துட்டா ஊருக்கே தெரிஞ்சாலும் பரவால்லன்னுதான் இருந்தேன் கிருபா. ஒனக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாதுன்னு நெனச்சேன்."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் அடுத்த பஸ் ஸ்டாப் வரைக்கும் எதற்கென்று தெரியாமல் நடந்தேன்.

ஜனவரி இரண்டாம் தேதி ஹரிப்ரசாத் என்ற பையனை வேலைக்கு எடுத்தார்கள். இருபத்து நான்கு வயது, அதே சான்றிதழ் வைத்திருந்தான். ஒன்பதாம் தேதி வல்லி மதுரைக்குப் போய் எழுதித் தேறினாள், அதுவும் நல்ல மதிப்பெண்ணில். கமலினி சான்றிதழை வண்ணத்தில் அச்செடுத்து அனுப்பினாள். வல்லி அதை என்னிடம் காட்டினாள், ரேஷன் கார்டு இருக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாள், சம்பளப் பட்டியலை அடிக்க உட்கார்ந்தாள். ஹரிப்ரசாத் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நல்ல பிள்ளை. அக்கா அக்கா என்று அவளிடம்தான் சந்தேகம் கேட்பான். அவளும் பொறுமையாகச் சொல்வாள். ஆனால் அவன் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்த உடனே தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள். மூடிய பிறகுதான் வருவாள். முன்பு முதுகுக்குப் பின்னால் நின்று எட்டியெட்டிப் பார்த்தவள் இப்போது அந்தப் பக்கமே திரும்புவதில்லை.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் சம்பளம். காலை பத்தரைக்கு வல்லியின் கம்ப்யூட்டரே நின்றுபோனது. ஹரிப்ரசாத் அவன் அக்கா கல்யாணத்துக்கு ஆலங்குளம் போயிருந்தான். பாண்டிதுரை வெளியே வந்து தலையைச் சொறிந்தார். மதுரையில் பழைய ஒப்பந்தக்காரருக்குப் போன் போடச் சொன்னார்.

"சார், சர்டிபிகேட்டு வச்சிருக்க ஆள் இங்கனயே உக்காந்திருக்கா" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். கல்யாண வீட்டுக்குப் போன் போட்டார். நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே ஹரிப்ரசாத், வல்லியக்காவே திறக்கட்டும் சார், என்னைவிட அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும் என்று கத்தியது எனக்கே கேட்டது. சாயங்காலத்துக்குள் பட்டியல் வந்தாக வேண்டும், என்னவோ செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு மேனேஜர் தன் அறைக்குள் போய்விட்டார்.

வல்லி உடனே எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் மேஜைமேல் விரித்துவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிளக்கைப் பிடுங்கினாள். வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். தாலிக்கொடியை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாள். உலோகம் எதுவும் தொங்கக் கூடாது என்று பாடத்தில் இருக்கிறதாம். பிட்டர் ஒருவரிடம் ஸ்க்ரூடிரைவரும், மூட்டையில் மார்க் போடுகிற பிரிவில் ஒரு புது பிரஷும் நான் ஓடிப்போய் வாங்கிவந்தேன். பெட்டியின் பின்புறம் ஹரிப்ரசாத் ஒட்டியிருந்த சீல் தாளை நகத்தால் கிழித்தாள். முதல் திருகாணிக்கு ஸ்க்ரூடிரைவர் இரண்டு முறை வழுக்கியது. எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று அவள் கைக்குத் தெரியவில்லை. கழற்றிய நான்கையும் என் டிபன் பாக்ஸ் மூடியில் வரிசையாக வைத்தாள்.

பக்கத் தகடு கழன்று வந்தது. உள்ளே பஞ்சு தலையணைக்குள் இருப்பதுபோல அடைந்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். எடுக்க எடுக்க உள்ளே இருப்பவை ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, விரல் நுனியால் தொட்டாள். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நினைவகப் பட்டையைக் கழற்றி, துணியால் துடைத்து, மறுபடி அழுத்தினாள். டக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிளக்கைச் செருகி அழுத்தினாள். விசிறி சுற்றியது, திரையில் வெளிச்சம் வந்தது, திறந்து பார்த்தால் அவளுடைய சம்பளப் பட்டியல் கடைசியாகச் சேமித்த இடம்வரை பத்திரமாக இருந்தது. மணியைப் பார்த்தேன், பதினொன்றே கால். அரைமணி நேரத்தில் முடித்துவிட்டாள்.

கழற்றிய தகட்டைக் கையில் எடுத்தவள் அதைப் பொருத்தவில்லை. மடியில் வைத்துக்கொண்டு திறந்திருந்த பெட்டிக்குள் பார்த்தபடியே இருந்தாள். திங்கட்கிழமை ஹரிப்ரசாத் வந்து புதுச் சீல் ஒட்டிவிடுவான் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"மூடணுமா கிருபா?" என்றாள்.

உள்ளேயிருந்து பாண்டிதுரை, ஆயிற்றா என்று குரல் கொடுத்தார். நான் கையை நீட்டித் திரையை அணைத்தேன்.

"இன்னும் இல்ல சார்," என்றேன். "பெரிய கோளாறு. ஒரு மணி நேரமாவது ஆகும்."